தேரையின் விந்தகத்தருகே அண்டம் வந்தது எப்படி?

இரண்டாமாண்டு பி.எஸ்சி., விலங்கியல்

‘தவளை தன் வாயால் கெடும்’ என்பது நாம் அனைவரும் கேட்டு வளர்ந்த பழமொழி. விலங்கியல் படிக்கத் தொடங்கிய பின்னர் இப்பழமொழியில் ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மழை பெய்த இரவில் குட்டையோரம் அமர்ந்து விடிய விடியக் கத்துவது ஆண் தவளையே. தொண்டையின் கீழ் பலூன் போல ஊதிப் பெருக்கும் ஒலிப்பை ஆணுக்குத்தான் உண்டு. பெண் தவளை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஆகவே, வாயால் கெடுவது ஆண் தவளை என்று திருத்திச் சொல்வதே முறை. தோழர்கள் கோபிக்க வேண்டாம்!

நீரிலும் நிலத்திலும் வாழும் இவ்வுயிர்களில் ஆண் எது, பெண் எது என்று எவ்வாறு அறிகிறோம்? அவ்வேறுபாடு உடலினுள் எவ்வளவு ஆழம் வரை செல்கிறது? இதைப் பற்றி நான் கற்றதையும், கற்கும்போது செய்த ஒரு பிழையையும் இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் வெளித்தோற்றம். வடசென்னையில் நாம் அடிக்கடி காண்பது தவளையைவிடத் தேரையையே. வறண்ட, கரடுமுரடான தோல். கண்ணுக்குப் பின்னால் புடைத்து நிற்கும் நச்சுச் சுரப்பிகள். தாவாமல் தத்திச் செல்லும் நடை. எங்கள் தெருச் சிறுவர்கள் இரண்டையும் தவளை என்றே சொல்வார்கள். நூல்களில் ‘புஃபோ மெலனோஸ்டிக்டஸ்’ என்று நெடுங்காலம் வழங்கிய இத்தேரைக்கு 2006ஆம் ஆண்டு முதல் ‘டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ்’ என்று பெயர். இந்திய நீர்நில வாழ்வன அறிஞர் சுஷில் குமார் தத்தா அவர்களைச் சிறப்பிக்க வைத்த பெயர் இது. மழைக்காலத்தில் ஆண் தேரையின் தொண்டை மஞ்சள் கலந்த நிறம் பெறும். முன்கால் விரல்களின் உட்புறத்தில் கறுத்த, சொரசொரப்பான கலவித் திண்டு தோன்றும். பெண்ணை வழுவாமல் பற்றிக்கொள்ள அது உதவுகிறது. பெண் தேரை உடலால் பெரியது. பெருந்தவளையில் இவ்வேறுபாடு இன்னும் வெளிப்படை: இனப்பெருக்கக் காலத்தில் ஆண், எலுமிச்சை மஞ்சளாக மாறி, நீல நிற ஒலிப்பைகளை ஊதிக்கொண்டு நிற்கும். திருவிழாவுக்குப் புத்தாடை உடுத்தியது போல இருக்கும். மழை ஓய்ந்தால் அந்த ஆடம்பரமும் ஓய்ந்துவிடும்.

உள்ளே செல்வோம். பதினோராம் வகுப்பில் நாம் படித்த மாதிரி உயிரி ‘ரானா ஹெக்சாடாக்டைலா’ என்னும் பச்சைத் தவளை. லெஸ்ஸன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1834இல் இதனை நம் பாண்டிச்சேரித் தவளையைக் கொண்டே விவரித்தார் என்பதைப் பாடநூல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் சற்று ஆர்வமாகப் படித்திருப்பேன். ஆண் தவளையில் ஒரு இணை விந்தகங்கள் சிறுநீரகத்தின் மேல்பகுதியில் மெல்லிய சவ்வினால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு விந்தகத்திலிருந்தும் பத்துப் பன்னிரண்டு நுண்நாளங்கள் புறப்பட்டு நேரே சிறுநீரகத்தினுள் நுழைகின்றன. அங்கே பிட்டர் கால்வாய் என்னும் குழலை அடைந்து, பின்னர் சிறுநீர் நாளத்தோடு கலந்து பொதுப்புழையை அடைகின்றன. அதாவது விந்தும் சிறுநீரும் ஒரே வழியில் வெளியேறுகின்றன. பெண்ணில் அப்படியில்லை. சிறுநீருக்கு ஒரு வழி, அண்டத்துக்கு வேறு வழி. அண்டகத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இடையில் குழாய்த் தொடர்பு எதுவும் கிடையாது. முதிர்ந்த அண்டங்கள் உடற்குழியில் விழுந்து, அங்கிருந்து நீண்டு சுருண்ட அண்ட நாளத்தின் வாய்க்குள் சென்று, வழவழப்பான கூழ் பூசப்பெற்று வெளியேறும். ஒரு பெண் தவளை ஒரு முறையில் 2,500 முதல் 3,000 அண்டங்கள் வரை இடும்.

‘பிட்டர்’ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மீண்டும் வரும்.

இனி, திசு. நுண்ணோக்கியின் கீழ் விந்தகத்தை வைத்தால் வட்ட வட்டமாக நுண்குழல்கள் நெருங்கிக் கிடப்பது தெரியும். ஒவ்வொரு குழலின் உள்ளும் செல்கள் சிறு சிறு கூட்டங்களாக இருக்கும். ஒரு கூட்டத்தில் உள்ளவை எல்லாம் ஒரே வயதின. முதிர்ந்த விந்தணுக்கள் தலைகளை ஒரு பக்கம் சேர்த்து, வால்களைக் குழலின் நடுவே விட்டு, கட்டிய துடைப்பம் போல நிற்கும். அண்டகமோ முற்றிலும் வேறு. அது உள்ளீடற்ற பை. அதன் சுவரில் சிறிதும் பெரிதுமாக அண்டச் செல்கள். இளம் அண்டச் செல் ஒன்றைப் பார்த்தால் மறக்க முடியாது: பெரிய வட்டம், அதனுள் இன்னொரு பெரிய வட்டமாக உட்கரு, அந்த உட்கருவின் ஓரத்தில் பல உட்கருமணிகள், வெளியே ஒரே அடுக்காகத் தட்டைச் செல்கள். பிறகுதான் அதில் மஞ்சள் கரு சேர்ந்து, அது ஊதி, ஒரு பக்கம் கறுக்கும். விந்தகத்தின் செல் எதுவும் இந்த அளவுக்கு அருகில் கூட வராது. ஆகவே இரண்டையும் பிரித்துச் சொல்வது எளிது என்றே எண்ணியிருந்தேன்.

எங்கள் தலைமுறை மாணவர் தவளையை அறுத்ததில்லை. 1987இல் தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு தடை செய்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் விலங்கு அறுவையைக் குறைக்க வழிகாட்டி, 2014இல் மாணவர்கள் செய்வதை அறவே நிறுத்தியது. அது நல்லதே, ஒரு வகுப்புக்கு ஐம்பது தவளை என்று கணக்கிட்டால் எத்தனை ஆண்டுகள், எத்தனை கல்லூரிகள்! ஆயினும் எங்களுக்குக் கிடைப்பவை பழைய புட்டிகளும் பழைய ஸ்லைடுகளும்தாம். அவற்றில் ஒரு பெட்டியில் இருந்த ஸ்லைடு ஒன்றில் மங்கிய மையினால் ‘தேரை, விந்தகம், நீள்வெட்டு’ என்று எழுதியிருந்தது.

சென்ற பருவத்தில் அதைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். ஹிமாடாக்சிலினும் இயோசினும் ஊட்டிய, ஊதாவும் இளஞ்சிவப்புமான வெட்டு. நுண்குழல்கள் அழகாகத் தெரிந்தன. ஸ்லைடை மெதுவாக மேலே நகர்த்தினேன். குழல்கள் முடிந்த இடத்தில், ஒட்டினாற்போல, பெரிய பெரிய வட்டச் செல்கள். வட்டத்துக்குள் வட்டம். ஓரத்தில் உட்கருமணிகள். சந்தேகமேயில்லை, அண்டச் செல்கள். விந்தகத்தின் தலையில் அண்டகம்!

ரெக்கார்டு நோட்டில் இரண்டையும் வரைந்தேன். பக்கத்து இருக்கைத் தோழி எட்டிப் பார்த்துவிட்டு, “லேபிள் மாறிப்போயிருக்கும், நீ புத்தகத்தில் இருப்பதைப் போடு” என்றாள். புத்தகத்தைத் திறந்தேன். அதில் விந்தகம் மட்டும் இருந்தது. அச்சிட்ட படத்தில் இல்லாதது என் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியும்? ரப்பரை எடுத்து, அந்த வட்டங்களையெல்லாம் அழித்தேன். தாள் தேய்ந்து மெலிந்து போனது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியது நானே முதல். அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். அம்மா காசிமேட்டில் மீன் வெட்டித் தருகிறார். நாள்தோறும் வயிறு கிழித்து உள்ளே பார்ப்பதில் எங்கள் ஆய்வகத்தில் ஒருவரும் அம்மாவுக்கு இணையாக முடியாது. அன்று இரவு தேய்ந்த தாளை மறைத்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“உள்ள இன்னா இருந்துச்சோ அதத்தான சொல்லணும்? நீ எதுக்குடி அழிச்ச?” என்றார்.

அதற்குப் பதில் இல்லை. அவரே தொடர்ந்து, சினை இருந்தால் பெண், வெள்ளையாகப் பால் போல இருந்தால் ஆண் என்பதெல்லாம் எல்லா மீனுக்கும் சரிவராது என்றார். கொடுவா மீனில் சிறியதை எத்தனை வெட்டினாலும் சினை கிடைக்காதாம். சினை இருப்பதெல்லாம் பெரிய கொடுவாதானாம். ஏன் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது. பிறகு படித்தேன்: கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் ஆணாகவே வாழ்ந்து, பின்னர் பெண்ணாக மாறுகிறது. களவா மீனில் இது தலைகீழ். முதலில் பெண், பிறகு ஆண். நம் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, “அதான் அப்பவே சொன்னேனே” என்றார்.

மறுநாள் எங்கள் பேராசிரியையிடம் சென்று, அழித்த கதையையும் சேர்த்தே சொன்னேன். அவர் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். பிறகு துறை அலமாரியிலிருந்து தடித்த நூல் ஒன்றை எடுத்துத் தந்தார். ஜி. கிங்ஸ்லி நோபிள் 1931இல் எழுதிய நீர்நில வாழ்வன பற்றிய ஆங்கில நூல். தமிழ் வழியில் படித்து வந்தவளுக்கு ஒரு பக்கத்தைக் கடக்க அகராதியும் அரை மணி நேரமும் வேண்டியிருந்தது. இருந்தாலும் நான் தேடியது அதில் இருந்தது. லேபிளும் சரி, என் கண்ணும் சரி. நான் பார்த்தது பிட்டர் உறுப்பு.

பிரெடெரிக் பிட்டர், இன்று எஸ்தோனியா நாட்டில் தார்த்து என வழங்கும் டோர்பட் நகரில் பேராசிரியராக இருந்தவர். 1846இல் அவர் நீர்நில வாழ்வனவற்றின் ஆண் உறுப்புகளைப் பற்றி எழுதிய நூலே அந்தக் கால்வாய்க்கும் இந்த உறுப்புக்கும் அவர் பெயர் நிலைக்கக் காரணம். கால்வாய் தவளையிலும் உண்டு. உறுப்போ தேரைக் குடும்பத்துக்கே உரியது. அக்குடும்பத்திலும் சில இனங்களில் இல்லை. தவளையை மட்டும் மாதிரியாகப் படித்த நமக்கு அது அறிமுகமாகாததில் வியப்பில்லை.

ஆண் தேரையின் உடலினுள் முன்னிருந்து பின்னாகப் பார்த்தால் முதலில் விரல் விரலாக மஞ்சள் நிறக் கொழுப்புத் திரள், அடுத்து பிட்டர் உறுப்பு, அதற்கடுத்து விந்தகம். இது எப்படி நேர்கிறது? தலைப்பிரட்டைப் பருவத்தில் இனச்சுரப்பி ஒரு சிறு வரப்பாகத்தான் தொடங்குகிறது. அது விந்தகமா, அண்டகமா என்பது அப்போது முடிவாகவில்லை. அதற்குப் புறணி, அகணி என்று இரு பகுதிகள். புறணி ஓங்கினால் அண்டகம். அகணி ஓங்கினால் விந்தகம். தேரையில் இந்த வரப்பின் முன்நுனி மட்டும் பின்பகுதி முடிவெடுக்கும் வரை காத்திருப்பதில்லை. ஆண் பெண் இரண்டிலுமே அது முந்திக்கொண்டு, புறணி மட்டும் வளர்ந்து, அண்டச் செல்களை உண்டாக்கிவிடுகிறது. பின்பகுதி பிறகு ஆணில் விந்தகமாகிறது. ஆனால் முன்நுனி அப்படியே நின்றுவிடுகிறது. அந்த அண்டச் செல்கள் இளம் பருவத்தைத் தாண்டுவதில்லை, மஞ்சள் கரு சேர்ப்பதில்லை. பெண் தேரையில் பல இனங்களில் அது காலப்போக்கில் தேய்ந்து மறையும்.

விந்தகம் இருக்கும்வரை பிட்டர் உறுப்பு அடங்கியிருக்கிறது. விந்தகத்தை எடுத்துவிட்டால்? ஜெனீவாவில் கிட்டி பான்ஸ் என்ற பெண் விஞ்ஞானி 1920களில் இதைச் செய்து பார்த்தார். ஐரோப்பியத் தேரையின் விந்தகங்களை நீக்கிவிட்டுக் காத்திருந்தார். ஓரிரு நாளில் நடப்பதன்று. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஆனது. பிட்டர் உறுப்பு பெருத்தது. அதன் அண்டச் செல்கள் மஞ்சள் கரு சேர்த்தன. ஆணின் உடலில் நூல் போலச் சும்மா கிடந்த அண்ட நாளம் தடித்துச் சுருண்டு செயல்படத் தொடங்கியது. கடைசியில் அந்த ‘ஆண்’ முட்டையிட்டது. வேறொரு ஆணின் விந்தணுவால் அம்முட்டைகள் கருவுற்றுக் குஞ்சுகளும் ஆயின.

இதில் இன்னொரு பாடமும் கிடைத்தது. மனிதரில் ஆணே எக்ஸ், ஒய் என இருவகை இனக்குரோமோசோம் உடையவன். அந்தத் தேரையில் அது மாறியிருக்கிறது. முட்டையிட்ட ஆணுக்கும் சாதாரண ஆணுக்கும் பிறந்தவை ஆணாகவே இருந்ததால், பறவைகளில் போல இங்கும் பெண்ணே இருவகைக் குரோமோசோம் உடையது என்பது தெளிவாயிற்று. குழந்தை ஆணா பெண்ணா என்பதற்கு இன்றும் மருமகளைப் பழிக்கும் மாமியார்கள் நம் தெருவில் உண்டு. தேரைகளின் மாமியார் என்றால் கணக்குச் சரியாக இருந்திருக்கும்!

சூழ்நிலையும் தன் பங்கைச் செய்கிறது. எமில் விட்ஷி 1929இல் வட அமெரிக்கக் காட்டுத் தவளையின் தலைப்பிரட்டைகளை 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தபோது, பெண்ணாக வேண்டியவற்றின் அண்டகங்கள் விந்தகங்களாக மாறின. நம் நாட்டில் தவளை, தேரைகளின் இனச்சுரப்பிகள் பருவத்துக்குப் பருவம் எவ்வாறு மாறுகின்றன என்பதைத் தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் எஸ்.கே. சைதாப்பூர் அவர்களும் அவருடைய மாணவர்களும் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். இந்திய முதுகெலும்பிகளின் இனப்பெருக்கச் சுழற்சி பற்றி அவர் தொகுத்த நூல் 1989இல் வெளிவந்தது.

வெப்பம் செய்வதை வேதிப்பொருளும் செய்யும். 2010இல் கலிஃபோர்னியாவில் டைரோன் ஹேய்ஸ் குழுவினர் ‘அட்ரசின்’ என்னும் களைக்கொல்லி மிகச் சிறிதளவு, நூறு கோடியில் 2.5 பங்கு மட்டும் கலந்த நீரில், மரபுப்படி ஆணான ஆப்பிரிக்கத் தவளைகளை வளர்த்தனர். அவற்றில் பத்தில் ஒன்று முட்டையிடும் பெண்ணாக வளர்ந்தது. இந்த முடிவைக் களைக்கொல்லி உற்பத்தியாளர் தரப்பினர் கடுமையாக மறுத்தனர். வாதம் நெடுநாள் நடந்தது. 2008இல் ஃபுளோரிடாவில் பெருந்தேரைகளை ஆராய்ந்தவர்கள், வேளாண் நிலம் மிகுந்த இடங்களில் ஆண், பெண் திசுக்கள் இரண்டும் கலந்த தேரைகள் அதிகம் எனக் கண்டனர். அங்கிருந்த ஆண் தேரைகள் நிறத்திலும் பெண்ணை ஒத்திருந்தன. இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். தேரையில் பிட்டர் உறுப்பு இயல்பானது. அதைக் கண்டதும் ‘மாசு’ என்று கூவுபவர் தவறுவார். அது இருப்பது நோயன்று. அடங்கியிருக்க வேண்டியது முதிர்ந்து அண்டகமாவதும், விந்தகத்தின் உள்ளேயே அண்டச் செல்கள் தோன்றுவதுமே கேடு. இயல்பு எது என்று தெரியாதவருக்குக் கேடு எது என்றும் தெரியாது.

எண்ணூர்க் கழிமுகமும் பக்கிங்ஹாம் கால்வாயும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை இங்கு யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் ஒட்டியதை நாம் கண்ணால் கண்டோம். தேரைக்குத் தோல் வழியாகவே நீர் உட்செல்கிறது; அது குடிப்பதில்லை, ஊறுகிறது. அறுத்துப் பார்க்க எனக்கு அனுமதியில்லை, விருப்பமும் இல்லை. ஆயினும் தொண்டையின் நிறத்தையும் விரலின் திண்டையும் பார்க்கக் கத்தி வேண்டாம். எங்கள் தெருமுனை விளக்கின் கீழ் ஈசல் தின்ன வரும் தேரைகளைச் சென்ற மழையிலிருந்து ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அப்பா இரவில் லாரியை நிறுத்திவிட்டு வரும்போது, எண்ணூர் விரைவுச் சாலையில் எந்த இடத்தில் தேரை கூட்டமாகக் கடக்கிறது என்று சொல்வார். அதுவும் நோட்டில் ஏறுகிறது.

ரெக்கார்டு நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. தேய்ந்த தாளின் எதிர்ப்பக்கத்தில் மறுபடியும் வரைந்தேன்: மேலே பிட்டர் உறுப்பு, கீழே விந்தகம், இரண்டுக்கும் இடையே மெல்லிய இணைப்புத் திசு. பேராசிரியையின் அனுமதியோடு ஸ்லைடுக்கும் புது லேபிள் ஒட்டினேன். அடுத்த ஆண்டு அந்தப் பெட்டியைத் திறப்பவர்கள் அதை என் கையெழுத்தில் காண்பார்கள். எழுத்து சற்றுக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.